கீறிட்ட இடம்

1978ஆம் ஆண்டு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் இருவர், நோர்மன் ஸ்லமெக்காவும் பீற்றர் கிராஃபும், மிக எளிய ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்கள் சோடிச் சொற்களைப் பார்க்கவேண்டும். சில அட்டைகளில் இரண்டு சொற்களும் முழுதாக இருக்கும், வாசித்தால் போதும். வேறு சில அட்டைகளில் முதற்சொல் மட்டும் முழுதாக இருக்கும். இரண்டாவதற்கு முதலெழுத்துத்தான் கிடைக்கும். தமிழில் செய்வதானால், ஓர் அட்டையில் ‘விரைவு – வேகம்’, மற்றதில் ‘விரைவு – வே___’. விடை ஊகிக்க முடியாதது அல்ல. இரண்டு வழியிலும் மனத்துக்குள் வந்து சேர்வது அதே சொல்தான்.

பிறகு சோதித்தால், வாசித்த சொற்களை விடத் தாமாக வருவித்த சொற்களே மாணவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஒத்த கருத்து, எதிர்க்கருத்து, ஓசை இயைபு என்று அட்டையின் விதியை மாற்றிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. இதை வருவித்தல் விளைவு என்று சொல்லலாம். 2007இல் வேறொரு குழு அதுவரை வந்திருந்த 86 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தபோது சராசரி ஆதாயம் நியம விலகலில் 0.40 பங்கு என்று வந்தது. நூறு பேர் கொண்ட வகுப்பில் சரியாக நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 35ஆம் இடத்துக்கு ஏறுவதற்கு இது சமம். புதுப் புத்தகம் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம். சொல்லின் பின்பாதியை அழித்துவிட்டால் போதும்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் படித்தவர்களுக்கு இது ‘கீறிட்ட இடம் நிரப்புக’. தமிழ்நாட்டில் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’. வினாத்தாளில் மதிப்பெண் குறைவான பகுதி என்பதால் யாரும் பெரிதாக மதிக்காத இந்தக் கேள்விவகைக்கு, ரொறன்ரோ நகரின் நடுவில் இருந்த ஓர் ஆய்வுகூடம் அறிவியல் அடிப்படை கொடுத்தது.

அதே துறையில் எண்டல் டல்விங் இருந்தார். எஸ்தோனியாவில் பிறந்து, போரில் நாட்டை விட்டு வெளியேறி, ஜெர்மனியில் சில காலம் இருந்து 1949இல் கனடாவுக்கு வந்தவர். நினைவு ஆராய்ச்சியின் பெரும்புள்ளிகளில் ஒருவர் ஏதிலியாக இந்த நாட்டுக்குள் வந்தவர் என்பதை ஸ்காபுறோவில் தமிழ் கற்பிக்கும் எவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1967இல் டல்விங் செய்த பரிசோதனை அக்காலத்தில் பலருக்குப் புதிராகத் தோன்றியது. சொற்பட்டியல் ஒன்றை மூன்று குழுக்கள் கற்றன. ஒன்று பெரும்பாலும் படித்தது. ஒன்று படிப்பதும் ஒப்பிப்பதுமாக மாறிமாறிச் செய்தது. ஒன்று படித்ததை விட அதிகமாகப் பட்டியலைப் பாராமல் ஒப்பித்துக்கொண்டே இருந்தது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் கற்றன. சோதனை என்பது கற்றதை அளக்கும் கோல் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அளக்கும் செயலே கற்பித்துக்கொண்டிருந்தது.

இதன் முழு வீச்சு 2006இல் அமெரிக்காவில் தெரிந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவர் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். அதை நாலு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒருதடவை படித்து மூன்று தடவை பாராமல் எழுதியவர்கள் 71 வீதம். படித்தவர்கள் வென்றுவிட்டார்கள் என்று தோன்றும். ஒரு கிழமை கழித்து நிலை தலைகீழ்: படித்தவர்கள் 40 வீதம், எழுதிப்பார்த்தவர்கள் 61 வீதம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுக்கப் படித்து அடுத்த நாள் சித்தியடைந்து அடுத்த மாதம் மறந்துபோகும் கலையின் விளக்கம் இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

இனி ஆசிரியரின் மடிக்கணினிக்கு வருவோம். இன்று பயிற்சி தயாரிக்கும் இணையக் கருவி ஒன்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அச்சுகளின் வரிசை: சரியான விடையைத் தெரிவுசெய்க, பொருத்துக, இழுத்து வைக்க, சரியா பிழையா. கீறிட்ட இடம் எங்கோ கீழே ஒதுங்கியிருக்கும். இது தற்செயல் இல்லை. இயந்திரத்துக்கு எது திருத்த எளிதோ அதுவே மேலே நிற்கிறது. நான்கு பொத்தான்களில் எது அழுத்தப்பட்டது என்று அறிவது கணினிக்கு வெகு சுலபம். பிள்ளை எழுதிய சொல் சரியா என்று அறிவது அப்படியல்ல.

இந்தச் சிக்கல் கணினிக்கும் முந்தியது. 1920களில் ஒஹாயோவில் சிட்னி பிரெஸ்ஸி செய்த கற்பிக்கும் பொறியில் நான்கு விசைகள் இருந்தன. சரியானதை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். 1953இல் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போன உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், பிள்ளைகள் விடை சரியா பிழையா என்று அறியாமலே உட்கார்ந்திருப்பதைக் கண்டு தானும் ஒரு பொறி செய்யத் தொடங்கினார். ஆனால் நான்கு தெரிவுகளை அவர் ஏற்கவில்லை. மாணவர் விடையைத் தானே எழுதவேண்டும். நம்பத்தக்க பிழைகளைக் கற்பவர் முன் வரிசையாக வைப்பது கற்பித்தலுக்கு எதிரானது என்றார். ஸ்கின்னரின் பல கருத்துகள் இன்று செல்லாக்காசு. இந்த ஒன்று மட்டும் பின்னர் பரிசோதனையில் தேறியது: பலதெரிவு வினாவில் பார்த்த பிழையான விடையையே சிலர் உண்மையென்று நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். உடனே சரியான விடையைக் காட்டினால் இந்தத் தீங்கு பெரிதும் குறைகிறது. ஆகவே ‘விடையைக் காட்டு’ என்ற பெட்டியில் சரி போடாமல் பலதெரிவுப் பயிற்சி கொடுப்பது, என் கருத்தில், பிழையைக் கற்பிப்பதற்கு ஒப்பானது.

கனடாவுக்கு இந்தத் துறையில் தனி வரலாறு உண்டு. நாட்டின் மேற்கு ஓரத்தில், விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஹொட் பொட்டேட்டோஸ்’ என்ற மென்பொருள் 1990களின் இறுதியிலிருந்து உலகெங்கும் மொழியாசிரியர்களின் கையில் இருந்தது. நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் குறுக்கெழுத்து, இடைநிரப்பல், பொருத்தல் பயிற்சிகளை இணையப் பக்கமாக்கலாம். 2009இல் அது எல்லோருக்கும் இலவசமானது. அதே 2009இல் ரொறன்ரோவில் தொடங்கிய ‘டொப் ஹட்’ நிறுவனம், விரிவுரை நடக்கும்போதே மாணவர்களின் கைப்பேசிக்குக் கேள்வி அனுப்பும் வேலையைத் தொழிலாக்கியது. இன்று ஒன்ராறியோவின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் ‘ஈகேம்பஸ்ஒன்ராறியோ’ நடத்தும் தளத்தில் நோர்வேயில் பிறந்த ‘எச்5பி’ என்ற திறந்தமூலக் கருவியால் பயிற்சிகளைச் செய்து ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். கருவிக்குப் பஞ்சமில்லை.

தமிழுக்கு வந்தால் கதை வேறு. ஒன்ராறியோ அரசு 1977இல் மரபுமொழி வகுப்புகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது சர்வதேச மொழிகள் திட்டம் என்று பெயர் மாறியது. வாரத்துக்கு இரண்டரை மணிநேரம். ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையில் தமிழும் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. இதற்கு வெளியே சங்கங்களும் கோயில்களும் நடத்தும் வகுப்புகள் தனி. பிள்ளைகள் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள்; அம்மம்மா பேசுவது விளங்கும், மறுமொழி ஆங்கிலத்தில் வரும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்பு திரைக்குப் போனபோது, ஆசிரியர்கள் கையிலிருந்த தாள்களை அவசரமாகக் கருவிகளுக்குள் ஏற்ற வேண்டியிருந்தது.

முதல் தடை பாமினி. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தது அந்த எழுத்துருவில்தான். திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இணையக் கருவிக்குள் ஒட்டினால் எழுத்துரு கழன்றுவிடும். எஞ்சுவது யாருக்கும் விளங்காத ஆங்கிலக் கிறுக்கல். சேர்த்துவைத்த பயிற்சித்தாள்களை யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகுதான் வேறு பேச்சு.

யூனிகோட்டிலும் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் கிடையாது. உயிருக்கு உண்டு, அகரமேறிய மெய்க்கு உண்டு, புள்ளிக்கும் விசிறி, கொம்பு, அரவு போன்ற குறிகளுக்கும் உண்டு. ஆகவே ‘பள்ளி’ நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ப, ள, புள்ளி, ள, விசிறி என ஐந்து. எழுத்துக் குலைத்து விளையாடும் பயிற்சியில் இந்தச் சொல்லைப் போட்டால், தமிழறியாத கருவி ஐந்தையும் தனித்தனியாக உதிர்த்துவிடும். ஒரு கட்டத்தில் வெறும் புள்ளி, இன்னொன்றில் உடம்பில்லாத விசிறி. எழுத்துக் கற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் குழப்பமான படம் வேண்டியதில்லை. தீர்வு இல்லாமலில்லை. பயனர் ஓர் எழுத்தாகக் காணும் கொத்தைப் பிரித்தறியும் விதிகளை யூனிகோட் வகுத்திருக்கிறது. 2024இல் ஃபயர்பொக்ஸும் சேர்ந்தபின் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அதற்கான வசதி இருக்கிறது. தமிழர்கள் எழுதிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பும் இதையே செய்கிறது. கருவி செய்பவர் பயன்படுத்தவேண்டும், அவ்வளவுதான்.

கீறிட்ட இடத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கருவி செய்வது ஒரு வேலைதான்: ஆசிரியர் கொடுத்த விடையும் பிள்ளை எழுதியதும் குறியெண்ணுக்குக் குறியெண் ஒன்றா என்று பார்ப்பது. ‘கொடி’யில் உள்ள கொ-வை ககரத்தோடு ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, அரவு என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இம்மியும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கருதவேண்டும் என்று யூனிகோட் சொல்கிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத கருவி சரியான விடைக்குச் சிவப்புக் கோடு போடும். ஆசிரியருக்கும் காரணம் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ‘மௌனம்’ இன்னும் மோசம். அதை ஔகாரக் குறியால் எழுதாமல் கொம்பு போட்டு மகரத்துக்குப் பின் ளகரத்தைத் தட்டுபவர்கள் ஏராளம். அந்த இரண்டையும் யூனிகோட்டே வேறு வேறு சொல்லாகத்தான் கொள்கிறது.

எழுத்துப்பிழையைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் என்ன? எச்5பியில் அதற்கொரு தெரிவு உண்டு. மூன்று முதல் ஒன்பது குறிகள் கொண்ட சொல்லில் ஒரு பிழையை மன்னிக்கும், அதற்கு மேல் நீண்டால் இரண்டை. ஆங்கிலத்துக்கு நியாயமான தாராளம். தமிழில் ‘காட்டில் ___ உறுமியது’ என்பதற்குப் பிள்ளை ‘புளி’ என்று எழுதினாலும் அது சரி என்று விடும், ஏனெனில் நான்கு குறிகளில் மாறியது ஒன்றுதான். வீரனின் இடுப்பில் வாளுக்குப் பதில் வால் தொங்கினாலும் அப்படியே. லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்க நினைக்கும் பாடத்தில் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. மறுபக்கம், ‘கடைக்குப் போனாள்’ என்பதில் ஒற்றை விட்டு ‘கடைக்கு’ என்று மட்டும் எழுதும் பிள்ளையை இயந்திரம் தோற்கடித்துவிடும். மனித ஆசிரியர் அந்த வயதில் அதைப் பார்த்தும் பாராமல் விடுவார். சாய்கோடு போட்டு மாற்று விடைகளைப் பட்டியலிடலாம்தான். ‘போகிறேன்’, ‘போறன்’, ‘போறேன்’ மூன்றையும் ஏற்பதா என்பதை மென்பொருள் முடிவுசெய்யாது.

விசைப்பலகையும் கூட்டுச் சேர்கிறது. கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் ஒலிப்படி தட்டினால் வாலை, வாளை, வாழை என்று வரிசை வரும். பிள்ளை ஒன்றைத் தொடும். ஆசிரியர் எழுதச் சொன்னார், நடந்தது தெரிவுசெய்தல். கீறிட்ட இடம் பலதெரிவாக மாறியதை யாரும் கவனிக்கவில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 போன்ற அமைப்பில் ழகரத்துக்குத் தனி விசை; எந்த விசை என்று பிள்ளைதான் நினைத்தாகவேண்டும். பழக நாளெடுக்கும். அந்த நாட்களும் பாடத்தில் சேர்ந்தவை என்றே நான் கொள்வேன்.

இத்தனை தொல்லைக்கும் பயந்து ஆசிரியர் பலதெரிவுக்கும் பொருத்துகவுக்கும் திரும்புவது இயல்பு. மற்ற மொழிகளை விடத் தமிழில் இந்த இழுப்பு அதிகம். வீட்டில் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்ளும், ஆனால் வாயால் வருவிக்காத பிள்ளைக்கு, விளங்கிக்கொள்ளும் பயிற்சியையே மேலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வருவித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1982இல் ஸ்லமெக்காவும் மெக்எல்ராயும் பொருளில்லாத போலிச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஆதாயம் காணாமற்போனது. மனத்தில் ஏற்கெனவே ஏதோ ஓர் இழையோடு தொட்டுக்கொண்டிருக்கும் சொல்லைத்தான் வருவித்துப் பயன்பெற முடியும். முன்பின் கேட்டிராத சொல்லுக்குக் கீறிட்ட இடம் விடுவது கிணறே இல்லாத இடத்தில் வாளி இறக்குவது. எனவே முதல் வாரம் படத்தோடு பொருத்தட்டும். அடுத்து முதலெழுத்தைக் கொடுத்து மீதியைக் கேட்கலாம். பிறகு வெறும் கோடு. எச்5பியில் முக்காற்புள்ளி இட்டுக் குறிப்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஸ்லமெக்காவின் அட்டையை அப்படியே திரையில் செய்துவிடலாம்.

எதை அழிப்பது என்பது அடுத்த கேள்வி. 1953இல் வில்சன் ரெய்லர் என்ற அமெரிக்கர், செய்தி எவ்வளவு எளிதாக வாசிக்கப்படுகிறது என்பதை அளக்க, சொற்களை ஒழுங்கான இடைவெளியில் அழிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஹொட் பொட்டேட்டோஸில் அதற்கு ஒரு பொத்தானே உண்டு. எத்தனையாவது சொல் என்று சொன்னால் போதும், தானே துளைபோடும். ஆங்கிலத்தில் அப்படி அழிபடுபவற்றில் பாதி சிறு இணைப்புச் சொற்கள். தமிழில் அந்த வேலையை உருபுகள் செய்கின்றன. அவை சொல்லோடு ஒட்டியிருப்பதால், எந்திரம் அழிப்பது எப்போதும் முழுச்சொல்லைத்தான். ‘வரமாட்டாராம்’ என்ற ஒரே சொல்லை அழித்தால் வினை, எதிர்மறை, மரியாதை, பிறர் சொன்ன செய்தி எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். தமிழுக்குத் துளையை ஆசிரியர் கையால் போடவேண்டும்: ‘அண்ணா கடை___ போனார்’ என்று உருபுக்கு மட்டும்.

ரொறன்ரோவின் இன்னொரு பல்கலைக்கழகத்தையும் சொல்லவேண்டும். யோர்க்கைச் சேர்ந்த நிக்கலஸ் செப்பீடாவும் கூட்டாளிகளும் 1350க்கும் மேற்பட்டவர்களை இணையம் வழியாகவே கற்கவைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செய்தியை இரண்டாம் முறை எப்போது மீட்டுப் பார்ப்பது நல்லது? எவ்வளவு காலம் நினைவிருக்கவேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரு கிழமைக்கு மட்டும் வேண்டுமானால் அடுத்த நாளே பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு வேண்டுமானால் சுமார் மூன்று கிழமை இடைவிட வேண்டும். வாரம் ஒருதடவை கூடும் சனிக்கிழமை வகுப்பை எல்லோரும் குறையென்று சொல்வார்கள். நினைவின் பார்வையில் அது அப்படியொன்றும் குறையில்லை. இன்று படித்ததைச் சரியாக மூன்று சனிக்கிழமை கழித்துக் கேட்க வாய்ப்பான அமைப்பு. ஆனால் கருவிகளில் பயிற்சிகள் பாடவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஐந்தாம் பாடத்துக்கு வந்தபின் இரண்டாம் பாடத்தை யாரும் திறப்பதில்லை. பழைய கேள்விகளில் சிலவற்றை நகலெடுத்துப் புதியதில் ஒட்டுவது மூன்று நிமிட வேலை.

கேள்வியை ஆசிரியரே கேட்கவேண்டும் என்பதை மறுத்தவர்களும் இந்த நகரத்தில்தான் இருந்தார்கள். மார்லீன் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரைற்றரும் 1983இல் யோர்க்கில் சோதித்துப் பார்த்து, 1986 அளவில் ஆரம்பப் பாடசாலைக்குக் கொண்டுபோன கணினி வலையமைப்பில் வினாவும் இல்லை, புள்ளியும் இல்லை. பிள்ளைகள் குறிப்பு எழுதுவார்கள். ‘என் விளக்கம்’, ‘எனக்கு விளங்கவேண்டியது’ என்ற தொடக்கங்கள் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். மற்றப் பிள்ளை அதன்மேல் எழுதும். இணையம் வீடுகளுக்கு வருமுன் நடந்தது இது. ‘நொலெஜ் ஃபோரம்’ என்ற பெயரில் பின்னர் வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டரை மணிநேர மொழிவகுப்பில் இதை முழுதாகச் செய்ய முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனாலும் அந்தத் தொடக்கங்களும் ஒருவகைக் கீறிட்ட இடங்கள்தாம், கோடு மட்டும் மிக நீளம்.

பயிற்சி முடிந்ததும் கருவி ஓர் அறிக்கை தரும்: யார், எத்தனை வீதம். பல ஆசிரியர்கள் அங்கேயே மூடிவிடுவார்கள். பலதெரிவு என்றால் அதற்கு மேல் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டை அழுத்தவேண்டிய பிள்ளை மூன்றை அழுத்தியிருக்கிறது. கீறிட்ட இடமென்றால், எழுதியதைக் காட்டும் கருவிகளில் இன்னொரு நிரல் இருக்கும். ‘மரம்க்கு’ என்று ஒருவர் எழுதியிருப்பார். இந்தச் சொல்லைப் பிள்ளை எங்கும் கேட்டிருக்காது. அம்மம்மாவும் சொல்லியிருக்கமாட்டார், புத்தகத்திலும் இல்லை. பிள்ளை தானே செய்தது. நான்காம் வேற்றுமை உருபு கைக்கு வந்துவிட்டது. மகர ஈறு அத்துச் சாரியை பெறுவது இன்னும் வரவில்லை. அந்த அறிக்கை முழுவதிலும் ஆசிரியருக்கு அடுத்த வாரப் பாடத்தைச் சொல்லித்தருவது ஒற்றைச் சதவீதமும் அல்ல, இந்தச் சொல்தான். குளம், பணம், பட்டம், மாதம் என்று நான்கைந்து சொற்களைப் போட்டு, உருபுக்கு முன்னால் கோடிட்டுவிடலாம். ‘வீடுக்கு’ என்று எழுதியவர்களுக்கு நாடு, காடு, ஆறு.